கிளினிக் கவுண்டருக்கு உள்பக்கமிருந்து: தொற்றுக் காலத்தில் ஆண்டிபயாட்டிக்கை எப்படிக் கையாள்வது

சிங்கப்பூரில் ஒரு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன கிளினிக்கில் பல வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். டாக்டர் எழுதியதை எண்ணி ஜிப் பையில் போட்டு, லேபிள் ஒட்டி, "சாப்பிட்ட பிறகு அங்கிள், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்று சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை. ஆனால் மாத்திரை கைமாறுகிற இடத்தில் நிற்கிறவளுக்குத் தெரிகிற சில விஷயங்கள் டாக்டர் அறைக்குள் இருப்பவருக்கே தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

2020 பிப்ரவரி. நோய்த்தொற்று எச்சரிக்கையில் ஆரஞ்சு நிலை அறிவித்துவிட்டார்கள், ஃபேர்பிரைஸ் கடையில் அரிசியும் டாய்லெட் பேப்பரும் காலி. எங்கள் கவுண்டருக்கு ஒரு அங்கிள் வந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. "போன வருஷம் குடுத்தீங்களேம்மா, சிவப்பும் மஞ்சளுமா ஒரு கேப்சூல், அது ரெண்டு பை வேணும். வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட்டு வெச்சிட்டா கொரோனா அண்டாது பாரு." அவர் கேட்டது அமாக்ஸிசிலின் என்கிற ஆண்டிபயாட்டிக். கொடுக்க முடியாது என்றதும் கோபித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் அதே மாதிரி இன்னும் மூன்று பேர். அடுத்து வேறு ஏதாவது ஒரு தொற்று வரும்போதும் இதே வரிசை நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் சும்மா இருக்கும்போதே படித்து வையுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

ஆண்டிபயாட்டிக் பாக்டீரியாவைத் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. கொவிட், ஃபுளூ, சாதாரண சளி எல்லாம் வைரஸ். 2003-ல் இங்கே 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொண்டுபோன சார்ஸும் வைரஸ்தான். பாக்டீரியாவுக்கென்று ஒரு சுவர் இருக்கிறது, அதற்கென்று தனி இயந்திரங்கள் உள்ளே ஓடுகின்றன, அமாக்ஸிசிலின் போய் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. வைரஸுக்குச் சுவரே கிடையாது, அது நம் செல்லுக்குள் புகுந்து நம் இயந்திரத்தையே ஓட்டுகிறது. இடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் கடப்பாரையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"ஆனா போன தடவை சாப்பிட்டேன், மூணே நாள்ல சரியாயிடுச்சே" என்பார்கள். சாப்பிடாவிட்டாலும் மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியிருக்கும். இருமல்தான் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அது வழக்கம். இன்னொன்று, சளி பச்சையாக வந்தால் ஆண்டிபயாட்டிக் கட்டாயம் என்கிற நம்பிக்கை. பச்சை நிறம் நம் வெள்ளையணுக்கள் வேலை செய்வதால் வருகிறது, வைரஸ் சளியிலும் வரும். நிறத்தை மட்டும் வைத்து எந்த டாக்டரும் முடிவு செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம்.

வீணாகச் சாப்பிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். "உடம்பு மருந்துக்குப் பழகிடும்" என்று நம் ஆட்கள் சொல்வது பாதிதான் சரி. பழகிக்கொள்வது உடம்பு இல்லை, உடம்புக்குள் இருக்கிற பாக்டீரியா. உங்கள் குடலில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மருந்துக்குச் சாகாத நாலு மட்டும் மிஞ்சி, காலியான இடத்தில் பெருகும். அப்புறம் அது உங்களோடு நிற்காது. மூன்றறை வீட்டில் ஒரே கழிப்பறையைப் புழங்குகிற பாட்டிக்குப் போகும், அவருக்கு ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்த் தொற்று வரும்போது வழக்கமான மாத்திரை கேட்காது, ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட வேண்டியிருக்கும். இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் மட்டும் 2019-ல் உலகம் முழுக்க சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கொவிட் வருவதற்கு முந்தைய வருஷக் கணக்கு அது.

கொவிட் காலத்தில் என்ன நடந்தது? உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் ஒரு கணக்கு வெளியிட்டது. 65 நாடுகளில், 2020 ஜனவரியிலிருந்து 2023 மார்ச் வரை கொவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பார்த்தால், கூடவே பாக்டீரியாத் தொற்றும் இருந்து ஆண்டிபயாட்டிக் தேவைப்பட்டவர்கள் 8 சதவீதம்தான். கொடுக்கப்பட்டதோ நாலில் மூன்று பேருக்கு. டாக்டர்களும் பயந்துதான் போயிருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம். அவர்களைக் குறை சொல்லவில்லை, முதல் சில மாதம் யாருக்கும் எதுவும் தெரியாது.

டாக்டர் அறைக்குள் போனதும்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலோர் உள்ளே போய் "டாக்டர், கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுங்க" என்கிறார்கள். அப்படிக் கேட்காதீர்கள். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது, கேட்கிறவருக்கு ஏன் வேண்டாம் என்று ஐந்து நிமிஷம் விளக்குவதைவிட எழுதிக் கொடுத்து அனுப்புவது எந்த டாக்டருக்கும் சுலபம். அந்தச் சுலபத்துக்கு நீங்கள் வழி செய்து கொடுக்காதீர்கள்.

போகும்போது கைத்தொலைபேசியில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள்: காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, அதிகபட்சம் எவ்வளவு போனது, ஏற்கெனவே என்ன சாப்பிட்டீர்கள் (ஊரிலிருந்து கொண்டுவந்ததும் சேர்த்து, வெட்கப்பட வேண்டாம்), தினமும் சாப்பிடுகிற மாத்திரைகள் என்ன. ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின், கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின் இரண்டையும் கட்டாயம் சொல்லுங்கள். முந்தையதோடு பல ஆண்டிபயாட்டிக்குகள் மோதும். பிந்தையதை, கொவிட்டுக்கான பாக்ஸ்லோவிட் சாப்பிடும்போது நிறுத்தியே ஆக வேண்டும். ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிற பிறவிக் குறை) இருந்தால் அதையும் சொல்லுங்கள், இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே அந்தப் பரிசோதனை செய்துவிடுகிறார்கள், அம்மாவிடம் கேட்டால் தெரியும். பெனிசிலின் ஒவ்வாமை என்றால் "ஒத்துக்காது" என்று மொட்டையாகச் சொல்லாமல், என்ன ஆனது என்று சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வேறு, முகம் வீங்கி மூச்சு அடைத்தது வேறு. சின்ன வயதில் யாரோ சொன்னதை வைத்து ஒவ்வாமை என்று நம்பிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் இருப்பதில்லை, ஆனால் அந்த ஒரு வரியால் காலம் முழுக்க அகலமாகத் தாக்குகிற கனத்த மருந்துகளையே வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

பிறகு கேளுங்கள், ஆனால் மருந்தைக் கேட்காதீர்கள், நாளைக் கேளுங்கள். "டாக்டர், இது வைரஸ் மாதிரி இருக்கா, பாக்டீரியா மாதிரி இருக்கா? எத்தனை நாள்ல இறங்கணும்? என்ன ஆனா நான் திரும்பி வரணும்?" இந்த மூன்றும் போதும். டாக்டர் சொல்வதை அங்கேயே தொலைபேசியில் தட்டுங்கள்: "செவ்வாய்க்கிழமை வரைக்கும் காய்ச்சல் இருந்தா வரச் சொன்னார்." நீங்கள் அன்று வாங்கிப் போகிறதிலேயே விலை உயர்ந்தது அந்த வரிதான். எங்களிடமிருந்து ஒரு பனடோல் (காய்ச்சல் மாத்திரை) பையும் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) மட்டும் வாங்கிப் போகிறவர் ஏமாந்துபோனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார், அந்த வரி கையில் இருந்தால் ஏமாறவில்லை.

2020-ல் பிஎச்பிசி கிளினிக்குகளில் (தொற்றுக் காலத்துக்கென்று அரசாங்கம் ஏற்பாடு செய்த கிளினிக்குகள்) மூச்சுத்தொற்று உள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 10 வெள்ளி (டாலர்) தான், கூடவே 5 நாள் எம்சி என்று வைத்தார்களே, அதன் புத்திசாலித்தனமே இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஐந்து நாள் வீட்டில் இரு, குறையவில்லை என்றால் அதே கிளினிக்குக்கு வா. வேறு கிளினிக்குக்கு ஓடாதே. மூன்று இடத்தில் மூன்று மருந்து வாங்குகிறவருக்கு எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

விடுதியில் தங்கியிருக்கிற வெளிநாட்டு ஊழியத் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. அறையில் பன்னிரண்டு பேர், ஒருவனிடம் அசித்ரோமைசின் என்கிற ஆண்டிபயாட்டிக் அட்டை இருக்கிறது, ஆளுக்கு ஒன்று பிய்த்துக்கொள்வது என்பது வேண்டாம். உங்கள் முதலாளி வாங்கியிருக்கிற அடிப்படை மருத்துவத் திட்டத்தில் மருத்துவ நிலையத்துக்குப் போனால் 5 வெள்ளி. ஆங்கிலம் வரவில்லை என்றால் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டுங்கள், டாக்டருக்கு அது போதும்.

எப்போது பயப்பட வேண்டும்

இவ்வளவு சொன்னதால் ஆண்டிபயாட்டிக் என்றாலே விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். 1918 ஃபுளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது, ஃபுளூ புண்ணாக்கிவிட்டுப் போன நுரையீரலில் பின்னால் புகுந்த பாக்டீரியா நிமோனியாதான். அப்போது பெனிசிலின் இல்லை. இப்போது இருக்கிறது, தேவைப்படுகிறவருக்கு உடனே கொடுத்தால் உயிர் காக்கும்.

அதனால் இதைக் கவனியுங்கள்: காய்ச்சல் இறங்கி, எழுந்து நடமாடி, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து மறுபடி குளிரெடுத்து ஏறினால், அன்றே டாக்டரிடம் போங்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சு குத்துவது, வயதானவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, இவற்றுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 995. இந்த மாதிரி நேரத்தில் வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதும் வேண்டாம், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தாக வேண்டும்.

2021-ல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்த, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளக்கிற ஆக்சிமீட்டர் உங்கள் அலமாரியில் எங்கேயாவது கிடக்கும், பேட்டரி மாற்றி வையுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, கையைச் சூடுபறக்கத் தேய்த்து, ஒரு நிமிஷம் அசையாமல் பாருங்கள். 95-க்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆனால் ஒரு விஷயம், நம்மைப் போலக் கருத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், ஆராய்ச்சியில் தெரிந்ததுதான். எண் 96 என்று சொல்கிறது, ஆனால் கழிப்பறை வரை போய்வர மூச்சிரைக்கிறது என்றால், எண்ணை விட்டுவிட்டு மூச்சை நம்புங்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டார், எப்படிச் சாப்பிடுவது

லேபிளில் இருப்பது போல. அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம், ஆனால் தினமும் பார்க்கிற கூத்துகள் சில. மூன்று வேளை என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அர்த்தம். நைட் ஷிஃப்ட் போகிற ஒருவர் எழுந்திருக்கிற ஆறு மணி நேரத்துக்குள் மூன்றையும் முடித்துவிட்டுத் தூங்கப் போவார், மீதி நேரம் பாக்டீரியாவுக்கு விடுமுறை. சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் இரண்டையும் தே தாரிக்கோடு முழுங்காதீர்கள், பாலில் இருக்கிற கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்புச்சத்து மாத்திரையும் அமிலத்துக்கான மருந்தும் அப்படித்தான். டாக்ஸிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்துகொண்டு விழுங்குங்கள், உடனே படுத்தால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். குழந்தைகளுக்கான சிரப் பொடியாக வரும், நாங்கள் தண்ணீர் கலந்து கொடுப்போம், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொன்னால் வையுங்கள், லேபிளில் எழுதிய தேதிக்குப் பிறகு பாட்டிலில் பாதி இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது நாளே சரியாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம், எத்தனை நாள் என்பது கல்வெட்டும் இல்லை. முன்பு பத்து நாள் கொடுத்த சில தொற்றுகளுக்கு இப்போது ஐந்து நாளே போதும் என்று தெரிந்துவிட்டது. டாக்டரே குறைத்தால் குறையுங்கள், நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். உடம்பெல்லாம் தடிப்பு, முக வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். கடுமையான வயிற்றுப்போக்கு, மருந்து முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும், இந்த மருந்தைச் சாப்பிட்டதாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

வைரஸுக்கென்றே இருக்கிற மருந்துகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கு நேரம் முக்கியம். ஃபுளூவுக்கான ஒசெல்டாமிவிர் 48 மணி நேரத்துக்குள், பாக்ஸ்லோவிட் அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். எல்லாருக்கும் கொடுக்க மாட்டார்கள், வயதானவர், நாள்பட்ட நோய் உள்ளவர் என்று பார்த்துத்தான். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தினால்

இதற்கு நிறைய பேர் சண்டை போடுகிறார்கள். அப்பாவைச் சேர்த்த முதல் நாள் ஊசியில் கனமான ஆண்டிபயாட்டிக், மூன்றாம் நாள் டாக்டர் வந்து நிறுத்திவிட்டார், "செலவைப் பார்க்கிறாங்க" என்று குடும்பமே கொதிக்கிறது. நடப்பது வேறு. ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருக்க முடியாது, அதனால் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பலவற்றைக் கொல்லக்கூடிய ஒன்றைத் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று நாளில் முடிவு வரும். பாக்டீரியா இல்லை என்றால் நிறுத்துவார்கள், இருந்தால் அந்தக் கிருமியை மட்டும் குறிவைக்கிற மருந்துக்கு மாற்றுவார்கள், ஊசியிலிருந்து மாத்திரைக்கும் மாற்றுவார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே நம் அரசாங்க மருத்துவமனைகளில் 2011-லிருந்து தனிக் குழுக்கள் இருக்கின்றன. நிறுத்தினார்கள் என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படித்திருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி: "கல்ச்சர் ரிசல்ட் என்ன சொல்லுது?"

வழிகாட்டி மாறுவது ஏன்

"நேத்து ஒண்ணு சொன்னான், இன்னிக்கு ஒண்ணு சொல்றான்" என்று 2020 முழுக்கக் கேட்டேன். மாறத்தான் செய்யும். கொவிட்டுக்கு ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் என்கிற மலேரியா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், பிரிட்டனில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் சோதித்ததில் பயன் இல்லை என்று 2020 ஜூனில் தெரிந்தது, விட்டுவிட்டார்கள். அதே சோதனையில் அதே மாதம், டெக்ஸாமெத்தசோன் என்கிற மலிவான ஸ்டீராய்டு, வெண்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று தெரிந்தது, சேர்த்துக்கொண்டார்கள். வருஷக் கடைசியில் அசித்ரோமைசினும் உதவவில்லை என்று தெரிந்தது. நம் தேசியத் தொற்றுநோய் நிலையம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் இப்படித்தான் பதிப்பு மேல் பதிப்பாகத் திருத்தப்பட்டது.

ஆனால் பாதிச் செய்திதான் வாட்ஸ்அப்பில் வரும். டெக்ஸாமெத்தசோன் ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களுக்குத்தான், வீட்டில் இருமிக்கொண்டிருப்பவருக்கு இல்லை. 2021-ல் இந்தியாவில் அதைத் தாறுமாறாகச் சாப்பிட்டு, சர்க்கரை எகிறி, கருப்புப் பூஞ்சை பிடித்துக் கண்ணை இழந்தவர்கள் கதை நமக்கெல்லாம் ஊரிலிருந்து போனில் வந்ததுதானே. அதே வருஷம் இங்கே ஐவர்மெக்டினை வாங்கிச் சாப்பிட்டார்கள். அது புழு, ஒட்டுண்ணிக்கான மருந்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாதது. சாப்பிடாதீர்கள் என்று சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. உங்கள் குடும்பக் குழுவில் இப்படி ஒன்று வந்தால் மூன்று கேள்வி: எந்தத் தேதி, யாருக்கு, எந்தக் கட்டத்தில். மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அனுப்பியவர் சித்தப்பாவே ஆனாலும் அதற்கு மேலே அனுப்பாதீர்கள்.

தடுப்பூசியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஃபுளூ, நிமோகாக்கல் (நிமோனியா உண்டாக்குகிற ஒரு பாக்டீரியாவுக்கானது) இரண்டும் பெரியவர்களுக்கான தேசியப் பட்டியலில் இருக்கின்றன, யார் யாருக்கு என்று கிளினிக்கில் கேளுங்கள். அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி நலத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு, அவரவருக்குப் பரிந்துரைத்திருந்தால் இந்த இரண்டு ஊசிகளும் அவர்கள் பதிந்த கிளினிக்கில் இலவசம். வராத நோய்க்கு மருந்து தேவையில்லை.

கடைசியாக, அந்த டப்பா

உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு பழைய பிஸ்கட் டின். திருச்சியிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் முறுக்கு, கருவேப்பிலைப் பொடியோடு "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று மாத்திரையும் வரும். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதம் வரைக்கும் மருந்து கொண்டுவரலாம், அத்தை தன் பிரஷர் மாத்திரையைக் கொண்டுவருவதில் தப்பில்லை. எங்களுக்கென்று கொண்டுவருகிற ஆண்டிபயாட்டிக்தான் பிரச்சினை. ஒருநாள் டின்னைக் கொட்டிப் பார்த்தேன்: மூன்று மாத்திரை அட்டையில் ஒன்று மட்டும் பிய்த்த அசித்ரோமைசின், பெயர் இருக்கிற இடத்தில் கத்தரித்துவிட்ட ஒரு துண்டு, தேதி அழிந்த நாலு கேப்சூல்.

மீந்த ஆண்டிபயாட்டிக்கைக் கழிப்பறையிலோ சிங்கிலோ போடாதீர்கள், கழிவுநீரில் கலக்கும். அட்டையோடு செய்தித்தாளில் சுற்றி, வெளியே தெரியாத பையில் கட்டி, வீட்டுக் குப்பையோடு போட்டுவிடுங்கள். இங்கே குப்பையை எரித்துவிடுகிறார்கள், மண்ணில் புதைப்பதில்லை, அதனால் அது போதும். பையில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். அத்தை அடுத்த முறை வந்து டின்னைத் திறந்து பார்த்துக் கேட்டால் காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். என் அத்தையிடம் அது எடுபட்டது, இந்த முறை முறுக்கு மட்டும் வந்தது.